கோடு மேல நடக்க மாட்டேன்!

வண்டி குழியில் இறங்கும்போதெல்லாம், டிக்கியில் கிடந்த ட்ராயின் தலை 'ணங்'கென்று இடித்தது.

செத்தும் சும்மா இருக்கிறானா பார்!

ஆர்வில் ஸ்டிடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். எழுபதை நெருங்கும் வயது. காலமெல்லாம் லாரி ஓட்டி முட்டி தேய்ந்த மனிதர்.

ஞாயிறு மதியம். அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பாதையில் சர்ச் விட்டுத் திரும்பும் கார்கள் மட்டும்.

மூடிப்போன நிலக்கரிச் சுரங்கம் இன்னும் கொஞ்ச தூரம்தான். அதன் குழிக்குள் மருமகனைத் தள்ளிவிட்டால் மகள் டார்லா பிழைத்தாள். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் ஜெயில்!

காலையில் அவள்தான் போனில் அலறினாள்.

"அப்பா! ட்ராய் மறுபடியும் கை ஓங்கினான்... இரும்பு வாணலியால ஒரே போடு... மூச்சே இல்லப்பா!"

"நீ எதையும் தொடாதே. நான் வர்றேன்."

அடித்தவள் மகள். அள்ளிக்கொண்டு போகிறவன் அப்பன். வேறு எவன் வருவான்?

பின்னால்... நீல விளக்கு!

ஆர்வில் ஓரம் கட்டினார். கன்னத்தில் ஈரம். சட்டையெல்லாம் நாற்றம். ட்ராயைத் தூக்கும்போது அவன் பாக்கெட்டில் இருந்த விஸ்கி பாட்டில் உடைந்து இவர் மேல் கொட்டிவிட்டது.

ஷெரீஃப் ஆபீஸ் போலீஸ் டெபுட்டி ஒருவன் வந்து குனிந்தான். சட்டையில் கெல்சோ என்று பெயர். வாயில் சூயிங்கம்.

"வணக்கம் சார். கண்ணெல்லாம் சிவந்து கிடக்கே... தண்ணியா?"

"அழுதேன்."

"ஓஹோ! விஸ்கியில மூஞ்சி கழுவிட்டு அழுதீங்களோ?"

"நான் குடிக்கிறதை விட்டே பல வருஷம் ஆச்சு, தம்பி."

"அப்படின்னா ரொம்ப சுலபம். இறங்குங்க. இந்தப் பேனா முனையைப் பாருங்க... இந்தக் கோட்டு மேல அடி பிசகாம நடங்க... ஒத்தைக் கால்ல கொஞ்ச நேரம் நில்லுங்க. வீட்டுக்குப் போயிட்டே இருங்க."

என்ன சிரிப்பு! என்ன மரியாதை! போலீஸ்காரன் சார் போட்டால் பர்ஸைத் தடவிப் பார்க்கிற ஆள் ஆர்வில்.

முன்பு ஒருமுறை இப்படித்தான். ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. 'சரிங்க சார்' என்று இறங்கினார். முட்டி மடங்கியது, விழுந்தார், லைசென்ஸ் போனது. வக்கீல் தலையில் அடித்துக்கொண்டான். "அந்த சர்க்கஸை எவன்யா பண்ணச் சொன்னான்? மாட்டேன்னு சொல்ல உனக்கு உரிமை இருக்கு!"

அதற்குப் பிறகு கேட்பவர் கேளாதவர் எல்லாரிடமும் ஆர்வில் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நடக்க மாட்டேன்," என்றார்.

"என்னது?"

"கோடு மேல நடக்க மாட்டேன். பேனாவைப் பார்க்க மாட்டேன். ஒத்தைக் கால்ல நிக்க நான் என்ன கொக்கா? சட்டப்படி நீ என்னைக் கட்டாயப்படுத்த முடியாது."

கெல்சோ மென்றதை நிறுத்தினான்.

"கரெக்ட். உங்க உரிமை... டிக்கியை ஒரு பார்வை பார்த்துக்கவா?"

ஆர்வில் கதவைத் திறந்து இறங்கினார்.

"வாரண்ட் இருக்கா?"

"இல்ல."

"அப்போ கையை எடு!"

"பலே! நல்லாத்தான் படிச்சு வெச்சிருக்கீங்க."

ஜெயித்துவிட்டோம் என்று ஆர்வில் மூச்சு விட்டார்.

க்ளிக்!

மணிக்கட்டில் விலங்கு!

"எதுக்குடா?"

"விஸ்கி நாத்தம், சிவந்த கண்ணு, நடந்தும் காட்டலை. குடிச்சிட்டு ஓட்டினதா சந்தேகப்பட இது போதும் பெரியவரே. மறுக்கிறது உங்க உரிமை. கைது பண்றது என் உரிமை."

"சரி, இழுத்துட்டுப் போ! ஸ்டேஷன்ல ஊதிக் காட்டறேன்!"

"போலாம். வண்டியை ரோட்டுல விட முடியாதே? இழுவை வண்டி வரும். அதுக்கு முன்னாடி உள்ள என்னென்ன இருக்குன்னு நான் பார்த்து வெச்சுக்கணும். நாளைக்கு என் கோட்டைக் காணோம், கடிகாரத்தைக் காணோம்னு நீங்க நிக்கக் கூடாது பாருங்க!"

"வாரண்ட்..."

"இதுக்கு வேண்டாம். இது சோதனையே இல்ல சார். உங்க பொருளுக்குப் பாதுகாப்பு!"

டிக்கி திறந்தது.

ட்ராய் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆர்வில் முந்திக்கொண்டார். "நான்தான் கொன்னேன்! நான் ஒருத்தன்தான்! என் பொண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது!"

"தெரியும்," என்றான் கெல்சோ.

"...என்ன?"

"போன் பண்ணினதே அவதானே! 'எங்கப்பா குடிச்சிட்டு சுரங்க ரோட்டுல போறாரு. காலையில என் புருஷனோட பெரிய சண்டை. அவனையும் காணோம்'னு சொன்னா. அதை வெச்சு டிக்கியைத் திறந்தா நாளைக்குக் கோர்ட்டுல நிக்காதுன்னுதான் யோசிச்சேன். நீங்க நடந்து காட்டியிருந்தா விட்டிருப்பேன்."

"என் முட்டிக்கு... விழுந்திருப்பேனே."

"விழுந்திருந்தா கைதுதான்."

நடந்தாலும் ஜெயில். நடக்காவிட்டாலும் ஜெயில். இரண்டும் தெரிந்துதான், பழியை அப்பன் தலையில் போட டார்லா போனை எடுத்திருக்கிறாள்!

உண்மையைச் சொன்னால்? 'நான்தான் கொன்னேன்' என்று கத்திய வாயை யார் நம்புவார்? நம்பினாலும்... உள்ளே போகிறவள் அவள்.

ஆர்வில் வாயை மூடிக்கொண்டார்.

கெல்சோ அருகே வந்து, விஸ்கி நாறும் சட்டையை விட்டுவிட்டு அவர் மூச்சை மட்டும் மோந்து பார்த்தான்.

"பெரியவரே, நீங்க நிஜமாவே குடிக்கலை!"

"அதான் தம்பி தப்பாப்போச்சு. இப்போ ஒரு பாட்டில் ஊத்திக் குடு... கோடு என்ன, கயிறு மேலயே நடந்து காட்டறேன்!"