குறையில்லாத கடிதங்கள்

ஜெசிந்தா எழுதிக் கொடுத்த புகாரைக் குணவதி இரண்டு முறை வாசித்தாள். ‘என் கணவர் கடிதத்தோடு அனுப்பும் இணைப்புக் கோப்புகள் நன்றாகத் திறக்கின்றன. தயவுசெய்து சரிசெய்து தரவும்.’

தூத்துக்குடி மின்னஞ்சல் உதவி நிலையத்தில் குணவதி பதினொரு வருடமாக வேலை பார்க்கிறாள். இணைப்பு கெட்டுப்போய்விட்டது என்று யாரும் வந்து நின்று ஆறு வருடமாகிறது. நன்றாகத் திறக்கிறது என்று சொல்லிக்கொண்டு இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

“நல்லாத் திறக்குதுன்னா அப்புறம் என்னம்மா பிரச்சினை?”

“அதான் மேடம் பிரச்சினையே.” ஜெசிந்தா இறால் பதப்படுத்தும் கம்பெனியின் சீருடையோடு வந்திருந்தாள். “எங்க வீட்டுக்காரவுக குறை சொல்லாம நாலு வார்த்தை பேசமாட்டாக. கல்யாணத்தன்னைக்கே பிரியாணியில உப்பு இல்லன்னு எங்க அண்ணங்கிட்ட சண்டை. இப்போ கடலுக்குப் போன அஞ்சு மாசமா ஒரு குறை கிடையாது. சாப்பாடு நல்லா இருக்காம். மேஸ்திரி தங்கமான மனுசனாம்.”

அவள் கணவன் ராயப்பன் இந்தியப் பெருங்கடலின் நடுவே ஒரு கனிமக் கம்பெனியின் மிதவைத்தளத்தில் வெல்டராக இருந்தான். பதினைந்து நாளைக்கு ஒரு குரல்கடிதத்தை இணைப்பாக அனுப்புவான். குணவதி கடைசிக் கடிதத்தை ஓடவிட்டாள். “ஜெசி, நான் இங்க நல்லா இருக்கேன். நீ உடம்பப் பாத்துக்க. நேரத்துக்குச் சாப்பிடு.” தெளிவான, இதமான குரல்.

“தனியா இருந்தா மனுஷங்க மாறுவாங்கம்மா.”

“இன்னொண்ணும் அனுப்பியிருக்காக. கையெழுத்துப் போடணுமாம்.”

அது ஒரு படிவம். பணிக்கால நீட்டிப்புக்குக் குடும்பத்தாரின் ஒப்புதல். கீழே ராயப்பனின் கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது. குணவதி வழக்கமானதையெல்லாம் செய்தாள். உலாவியின் தற்காலிகச் சேமிப்பை அழித்தாள். வேறு உலாவியில் திறந்தாள். இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே படிவம்.

“படிவம் சரியா இருக்கு. பயப்படாமக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க.”

புகாரின் மேல் ‘பழுதில்லை’ என்று குறித்து மூடினாள்.

மூன்று வாரம் கழித்து ஜெசிந்தா மறுபடியும் வந்தாள். இந்த முறை உட்காரவில்லை.

“இந்தக் கடிதத்துல அவுக சிரிக்கிறாக மேடம். அவுகளுக்குச் சிரிச்சா இருமல் வரும். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். இதுல இருமலே இல்ல.”

குணவதி கடிதத்தின் உறைத்தகவலை விரித்து, அனுப்பியபோது இருந்த அளவையும் வந்து சேர்ந்த அளவையும் பார்த்தாள். ஆறு வருடமாக அவள் பார்க்காத எண்கள். அனுப்பியது நாற்பது மெகாபைட். வந்தது ஒன்றே கால்.

சூரியப் புயல்கள் ஓயாமல் வீசத் தொடங்கிய பிறகு தூரத்திலிருந்து வரும் எந்த இணைப்பும் முழுதாக வந்து சேர்வதில்லை. கடிதத்தின் தலைப்பு, முதல் இருநூறு எழுத்துகள், கையெழுத்து, இவை மட்டுமாவது முழுதாக வந்து சேரட்டும் என்று, இவற்றை மூன்று பிரதிகளாக அனுப்பவேண்டும் என்று சட்டம் வந்தது. மற்றது வழியில் சிதைந்துபோகும். ‘கோப்பைத் திறக்க முடியவில்லை’ என்ற வரியைப் பார்த்துப் பார்த்து ஜனங்கள் இந்த நிலையத்தின் கண்ணாடியை உடைத்த காலம் ஒன்று உண்டு. பிறகு எல்லா உலாவிகளுக்குள்ளும் ‘நிரப்பி’ என்ற மென்பொருள் வந்தது. வந்து சேர்ந்த துண்டுகளை வைத்து, விட்டுப்போன இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று கணித்து எழுதிவிடும். குரல் என்றால் அதே குரலில் பேசிவிடும். வந்தது அதிகமாக இருந்தால் அந்த ஆளின் வழக்கத்தைப் பார்த்து நிரப்பும். வந்தது குறையக் குறைய, அவரைப் போன்ற மற்றவர்கள் வழக்கமாக என்ன அனுப்புவார்கள் என்று பார்த்து நிரப்பும். எதுவும் திறக்காமல் போவதில்லை என்பதால் நிரப்பி என்று ஒன்று இருப்பதையே எல்லோரும் மறந்துபோனார்கள்.

புதிய உலாவிகளில் அதை நிறுத்த வழியில்லை. பொருள் அறையில் துணி போர்த்திக் கிடந்த பழைய கணினியைக் குணவதி தூக்கிவந்தாள். அதில் நிரப்பிக்கு முந்தைய உலாவி இருந்தது. ஐந்து மாதக் கடிதங்களையும் அதில் வரிசையாகப் போட்டாள்.

பெரும்பாலும் இரைச்சல். எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் விழுந்தாற்போல. நடுவே ஒரு இருமல். ஜெசிந்தா மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

“...ஜெசி...” மறுபடியும் இரைச்சல். “...வலது கையில ரெண்டு விரலும்...” இரைச்சல். “...மருந்து தீந்துபோச்சு, கப்பல் வராதாம்...” நீண்ட இரைச்சல். கடைசிக் கடிதத்தில் கோபமாக, “...எத்தன தடவ சொல்லுதேன், உனக்குக் காது...”

படிவம் திறக்கவில்லை. அதன் சிதைவுகளுக்குள் நான்கு சொற்களைத்தான் குணவதியால் பொறுக்க முடிந்தது: காயம். பணியிலிருந்து விடுவிக்க. குடும்பத்தார். அடியில் அந்தக் கோணல் கையெழுத்து மட்டும் முழுதாக இருந்தது. மிதவைத்தளங்களிலிருந்து வீடுகளுக்கு வரும் படிவங்களில் பெரும்பாலானவை நீட்டிப்புப் படிவங்கள். நிரப்பிக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது.

“அப்போ நான் என்னத்துல மேடம் கையெழுத்துப் போட்டேன்?” என்றாள் ஜெசிந்தா.

போடச் சொன்னது குணவதிதான்.

இணைப்பு எதுவும் வைக்காமல், கடிதத்தின் உடலிலேயே எழுதினார்கள். இருநூறைத் தாண்டாமல் குணவதி எழுத்துகளை எண்ணிக்கொண்டே தட்டினாள். ‘உங்கள் கடிதம் எதுவும் சரியாக வந்து சேரவில்லை. படிவம் மாறிப்போனது தெரியாமல் கையெழுத்துப் போட்டேன். இணைப்பு வேண்டாம். இங்கேயே எழுதுங்கள். ஜெசி.’

மறுநாள் மதியம் பதில் வந்தது. ‘இடது கையால அடிக்கேன். நான் வர வேண்டாம்னு நீ சொல்லிட்டன்னு நினைச்சேன். ரெண்டு விரல் போச்சு. கை வீங்கி இருக்கு. கூட்டிட்டுப் போ.’

அந்தத் தாளை அச்செடுத்துக்கொண்டு இருவரும் துறைமுகத்திலிருந்த கம்பெனி அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்தவர் பொறுமையாகவே பேசினார். “நீங்க கையெழுத்துப் போட்ட படிவம் எங்ககிட்ட இருக்கேம்மா. திறந்து பார்த்தா என்ன இருக்கோ அதுதான் சட்டப்படி அசல்.”

“அவுக விரலும் சட்டப்படி இருக்கான்னு திறந்து பாருங்க!” ஜெசிந்தா போட்ட சத்தத்தில் வரவேற்பறை முழுக்கத் திரும்பியது. குணவதி உறைத்தகவல் எண்களை அவர் முன்னால் வைத்து, உதவி நிலையத்தின் சார்பில் எழுத்துமூலமாகப் புகார் தருவேன் என்றாள். மூன்று நாள் அலைந்த பிறகு மருத்துவ மாற்றல் என்ற பெயரில் ராயப்பனை அடுத்த கப்பலில் ஏற்ற ஒத்துக்கொண்டார்கள்.

ஐந்து வாரம் கழித்து ராயப்பன் உதவி நிலையத்துக்கு வந்தான். மெலிந்து, கன்னம் ஒட்டி, வலது கையில் கட்டோடு இருந்தான். கூடவே ஜெசிந்தா. மின்விசிறி சத்தம் போடுகிறது என்றான், நாற்காலி ஆடுகிறது என்றான். ஜெசிந்தா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று குணவதிக்குத் தெரியவில்லை.

“என்னை மன்னிச்சிருங்க. முதல் தடவையே நான் அளவைப் பார்த்திருக்கணும்” என்றாள் குணவதி.

“எங்களுக்கும் தளத்துல ஆரம்பத்துலயே சந்தேகம் வந்துச்சு மேடம்” என்றான் ராயப்பன். “ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் வீட்டுக் கடிதத்த எல்லாரும் சத்தமா வாசிப்போம். ஒருநாள் என் கடிதமும் பக்கத்துக் கட்டில் செல்லையா கடிதமும் வரிக்கு வரி ஒண்ணா இருந்துச்சு. முதல்ல சிரிச்சோம். மறுநாள்லேர்ந்து யாரும் சத்தமா வாசிக்கல. அவனவன் தனியாப் போய்ப் படிச்சுக்குவான்.”

“புகார் பண்ணலையா?”

“பண்ணாம? கம்பெனிக்கு முப்பத்தெட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். மருந்து இல்ல, பாதுகாப்புக் கயிறு அறுந்து கிடக்கு, கடிதம் சரியில்லன்னு நாலு பக்கம்.”

“இணைப்பாவா?”

“பின்ன? நாலு பக்கத்த வேற எப்படி அனுப்புறது?”

குணவதி கம்பெனியின் இணையப் பக்கத்தைத் திறந்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. முகப்பிலேயே பெரிதாகப் போட்டிருந்தார்கள்: ‘எங்கள் மிதவைத்தளப் பணியாளர்கள் எழுதிய நன்றிக் கடிதம்.’ நாலு பக்கம். நல்ல உணவு, பாதுகாப்பான சூழல், இன்னும் இரண்டு ஆண்டு பணிபுரிய விருப்பம். கம்பெனியின் அஞ்சல் பெட்டிக்குப் பணியாளர்களிடமிருந்து வந்தவை பெரும்பாலும் பண்டிகைக்கால நன்றிக் கடிதங்களாக இருந்திருக்கும்; நிரப்பி அதையே எழுதிவிட்டது. கீழே நிர்வாகத்தின் பதில்: ‘உங்கள் வேண்டுகோளை ஏற்று, அனைவருக்கும் பணிக்காலம் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்படுகிறது.’

ராயப்பன் கடைசிப் பக்கத்தை அருகில் இழுத்துப் பார்த்தான். முப்பத்தெட்டுக் கையெழுத்துகளும் பிசகாமல் இருந்தன. இடது கையால் போட்ட தன் கையெழுத்தின் மேல் விரலை வைத்தான்.

“இது எங்க கையெழுத்துதான்” என்றான்.

“இந்தப் பதில் உங்களுக்கு வந்துச்சா?”

“பதில் இணைப்பா வந்துச்சு. ஆனா இது இல்ல.” அவன் குரல் தணிந்தது. “குறைகளை ஏத்துக்கிட்டோம், பதினஞ்சு நாள்ல ஆளும் மருந்தும் அனுப்புறோம்னு இருந்துச்சு. அதை வாசிச்சதும் எல்லாரும் கைதட்டினோம். மறுநாள் காலையில வேலைநிறுத்தம் ஆரம்பிக்கிறதா இருந்துச்சு. வேண்டாம்னு விட்டுட்டோம்.”