லிங்கதுரையின் சம்மதம்

காலை ஐந்தரைக்குக் குழாய் கேட்கும். "காலைப் பங்கு நாற்பது லிட்டர். சம்மதமா?" வீட்டில் யாராவது ஒருவர் சம்மதம் என்று சொன்னால்தான் தண்ணீர் வரும். தங்கபுஷ்பத்தின் வீட்டில் அதைச் சொல்வது அம்மாவின் வேலை. அவளும் லேசில் சொல்லிவிட மாட்டாள். "நேத்து முப்பத்தஞ்சுதானல ஊத்துன, களவாணிப் பயலே" என்று குழாயோடு ஒரு மூச்சு சண்டை போட்டுவிட்டுத்தான் சொல்வாள்.

குழாய்க்குப் பிறகு அடுப்பு கேட்கும், பேருந்து கேட்கும், மருந்துக்கடைக் கதவு கேட்கும். தூத்துக்குடியில் மட்டுமில்லை, எல்லா ஊரிலும் இதே கதைதான். கையெழுத்து என்கிற சமாச்சாரம் ஒழிந்து முப்பது வருஷம் ஆகிவிட்டது. பிறந்த குழந்தையின் தொண்டையில் பாதி அரிசி அளவுக்கு ஒரு குரல்முத்திரையை வைத்துவிடுகிறார்கள். அதன்பின் அந்தப் பிள்ளை யந்திரத்தின் முன்னால் எதைச் சொன்னாலும் அது பத்திரப்பதிவு மாதிரி. நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியும் கெடுகிறவர்கள் கெட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

புஷ்பத்தின் தம்பி லிங்கதுரை கெட்டது அவனுடைய மரியாதையால்.

இருபது வயது. மின்வண்டிப் பட்டறையில் மின்கலம் மாற்றுகிற வேலை. யந்திரம் என்றும் பார்க்காமல் மரியாதை கொடுக்கிற பிள்ளை. பேருந்து நின்றால் "நன்றிண்ணே" என்று அதனிடம் சொல்லிவிட்டு இறங்குவான், கூட வருகிறவர்கள் சிரிப்பார்கள். சித்திரை வெயிலிலும் வெந்நீரில்தான் குளியல். பட்டறையில் அவனுக்குக் "குளிர்பயந்தான்" என்றே பெயர்.

ஒரு சாயங்காலம் பேருந்து நிலையத்தில் படைச்சேர்ப்பு யந்திரம் ஒன்று அவனை நிறுத்தியது. தென்துருவப் பனிநிலத்தில் நன்னீருக்காக ஆறு வருஷமாகப் போர் நடக்கிறது. அதற்குக் காலாட்படைத் தன்னார்வலர்கள் தேவை. சம்பளம், படி, மூன்று வருஷப் பணி என்று யந்திரம் பத்து நிமிஷம் பேசியது. பாதியில் விட்டுப்போனால் மரியாதை இல்லை என்று இவனும் நின்று கேட்டான். கடைசியில் அது, "வருகிறீர்களா?" என்றது. பேருந்து வந்துவிட்டது. இவன் சிரித்த முகமாக, "சரி, அப்ப வாரேன்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.

புறப்படுகிற எவனாவது "போறேன்" என்று சொல்வானா? நம் வீடுகளில் அப்படிச் சொன்னால் வாயிலேயே போடுவார்கள். அந்த யந்திரத்துக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த புண்ணியவான் அகராதியைப் படித்திருக்கிறான், ஒரு வீட்டு வாசலில் ஐந்து நிமிஷம் நின்று பார்க்கவில்லை. மறுநாள் காலை வீட்டுக் கதவு வாழ்த்துச் சொன்னது. லிங்கதுரை தன்னார்வத்துடன் படையில் சேர்ந்துவிட்டாராம், புதன்கிழமை புறப்பாடாம்.

புஷ்பம் தம்பியை இழுத்துக்கொண்டு குரல்பதிவகத்துக்கு ஓடினாள். அங்கிருந்த அலுவலர் செண்பகராமன் ஐம்பது வயதுக்காரர், இதே ஊர்க்காரர். பதிவை இரண்டு தடவை போட்டுக் கேட்டார்.

"எனக்குப் புரியாதாம்மா? காலையில நானும் வீட்டுல வாரேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றார்.

"அப்ப அழிச்சிருங்க சார்."

"அழிக்கிறதுக்கு என் வாய்க்கு அதிகாரம் கிடையாது. சொன்னவந்தான் திரும்பச் சொல்லணும். அதையும் இங்க சொல்ல முடியாது. வேலையில சேந்த பொறவு, தொண்ணூறு நாளைக்குள்ள, படைத்தலைவர் முன்னால தன் வாயால மறுக்கணும்."

"சேரவே மாட்டேன்னு சொன்னா?"

"சொன்ன சொல் தவறுனவன்னு குரலைப் பூட்டிருவாவ. அவன் வாய்ச்சொல்லுக்கு ஒரு கதவும் திறக்காது. வீட்டுத் தண்ணிக்கும் ஆபத்து." பிறகு குரலைத் தாழ்த்தினார். "தொண்ணூறு நாள்தானம்மா. போயிட்டு, மறுத்துட்டு வரட்டும்."

அப்படித்தான் அவன் போனான். போய்விட்டு வந்துவிடுவான் என்று வீட்டில் மூன்று பேருமே நம்பினார்கள். அந்தப் பாழாய்ப்போன நம்பிக்கையில் அம்மா வழியனுப்பும்போது அழக்கூட இல்லை.

அங்கே என்ன வேலை என்பது போன பிறகுதான் தெரிந்தது. யந்திரம் தானாக மனிதனைக் கொல்லக்கூடாது என்று நாடுகள் எல்லாம் கூடி முன்பு ஒரு சட்டம் போட்டன. நல்ல சட்டம்தான், யார் இல்லை என்றது. அதன்படி தானியங்கிச் சுடுகலம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நான்கு பேர் நிற்க வேண்டும். எதிரியைக் கண்டுபிடிப்பதும் குறி பார்ப்பதும் சுடுவதும் சுடுகலம். சுடுவதற்கு முன் அது "சம்மதமா?" என்று கேட்கும். நான்கு முத்திரைகளும் சம்மதம் சொன்னால் சுடும். மூன்று சொன்னால் சுடாது. இந்த நால்வருக்கு ஒப்புநர் என்று பெயர். குண்டு வந்தால் அவர்கள் மேல்தான் முதலில் விழும். பழைய காலாட்படைக்காரனின் வேலைகளில் சாகிற வேலையை மட்டும் மனிதனுக்கு விட்டுவைத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கால் மணி நேரம் அவனோடு பேசலாம். முதல் மாதம் முழுக்க அவன் குளிரைப் பற்றியே பேசினான். "யக்கா, கண்ணீர் வந்தா இமையில ஒட்டிக்கிடுது. அழக்கூட வழியில்ல" என்று சிரித்தான். இரண்டாம் மாதத்திலிருந்து மற்ற மூன்று பேரைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். அதிலும் ஏற்காட்டிலிருந்து வந்த ஜெசிந்தா என்ற பெண்ணைப் பற்றி நிறைய. பனியில் அவளுக்கு இரண்டு கால்விரல் போய்விட்டதாம். சமையலுக்கு அவள்தானாம், உப்பே போடுவதில்லையாம்.

எண்பத்தைந்தாம் நாள் ஞாயிறாக அமைந்தது. புஷ்பம் சுற்றி வளைக்காமல் கேட்டாள். "மறுத்துட்டியாலே?"



"நான் மறுத்தா மாத்து ஆள் வர இருபது நாள் ஆகுமாம்க்கா. அதுவரைக்கும் சுடுகலப் பொட்டி சுடாது. மூணு பேரும் சும்மா நிக்கணும். அந்தப் பக்கம் உள்ளவனுக்கும் இது தெரியும். போன மாசம் பக்கத்துப் பதுங்குகுழியில ஒருத்தன் மறுத்துட்டுப் போனான். மிச்ச மூணு பேரும் அன்னைக்கு ராத்திரியே செத்துட்டாவ."

"மத்தவனைப் பத்தி உனக்கு என்னலே? நீ தெரியாம மாட்டுனவன்."

"அவங்க மட்டும் தெரிஞ்சா மாட்டுனாவ? ஜெசிந்தா அவ தம்பி படிப்புக்காக வந்தவ, வேலை இதுன்னு அவளுக்கும் தெரியாது."

புஷ்பத்துக்கு வேறு வழி தெரியவில்லை. பொய் சொன்னாள். "அம்மாக்கு முடியலலே. படுத்த படுக்கையா கெடக்கா. நீ வந்தாத்தான் பொழைப்பா." சொல்லி வாய் மூடவில்லை, மதியப் பங்குக்கான நேரம் வந்து பின்னால் குழாய் கேட்க, அம்மா முழங்கிக்கொண்டிருந்தாள்: "பத்து லிட்டர்ல என்னத்தலே கழுவ? உன் மூஞ்சியையா?"

லிங்கதுரை சிரி சிரியென்று சிரித்தான். புஷ்பத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் கால் மணி நேரம் தீர்ந்துபோனது. அம்மாவை முன்கூட்டியே வெளியே அனுப்பியிருந்தால் வந்திருப்பானோ என்று அவள் பிறகு எத்தனையோ தடவை நினைத்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

தொண்ணூறாம் நாள் முடிந்தது. அவன் மறுக்கவில்லை. யந்திரம் தப்பாகப் புரிந்துகொண்ட சொல்லை அவனே உண்மையாக்கிவிட்டான். புஷ்பத்துக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை. கோபம்தான். பெற்றவளையும் கூடப்பிறந்தவளையும் விட்டுவிட்டு உப்பில்லாமல் சமைக்கிறவளுக்குக் காவல் நிற்கிறானே என்று ஒரு மாதம் பேசாமல்கூட இருந்தாள்.

எட்டாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அம்மா அரிசி களைந்துகொண்டிருக்கும்போது கதவு கேட்டது. "லிங்கதுரையின் மரணச் செய்தியைக் கேட்கச் சம்மதமா?"

அம்மா பதில் சொல்லவில்லை. கதவு விடவில்லை, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அதே குரலில் கேட்டது. சம்மதம் சொல்லாதவரைக்கும் பிள்ளை சாகவில்லை என்பதுபோல அம்மா வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலை முடிந்து வந்த புஷ்பம்தான் கடைசியில் அந்தச் சொல்லைச் சொன்னாள். தன் வாயை அன்றைக்கு வெறுத்த மாதிரி அவள் எதையும் வெறுத்ததில்லை.

குழிக்குள் குண்டு விழுந்ததாம். மற்ற மூவரும் பிழைத்தார்கள். பத்து நாள் கழித்துச் சாம்பல் ஒரு தகரப் பெட்டியில் வந்தது. கடலில் கரைத்துவிட்டு வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜெசிந்தா பேசினாள்.

"அக்கா, உங்க கிட்ட மறைக்கக் கூடாதுன்னு தோணுச்சு. அவன் தொண்டையில இருந்த முத்திரையை உடம்போட எரிக்கல. எடுத்துச் சுடுகலத்துல மாட்டிட்டாங்க. அது கேக்கும்போது நாங்க மூணு பேரும் சொல்றோம், அவனும் சொல்றான். அவன் குரல்லயே. நேத்து அது இல்லைன்னா நான் இன்னைக்குப் பேசிட்டிருக்க மாட்டேன்."

"நீங்க வேண்டாம்னு சொல்லக்கூடாதா?" என்றாள் புஷ்பம்.

அந்தப் பெண் அழுதாள். "அது எங்ககிட்ட கேக்கலையே அக்கா."

திங்கட்கிழமை காலை புஷ்பம் குரல்பதிவகத்தில் நின்றாள். செண்பகராமன் அவளைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். அவர் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

"மூணு வருஷத்துக்குச் சம்மதம்னு பதிவும்மா. ஆள் இறந்தா முடிஞ்சிரும்னு அதுல இல்ல. இன்னும் ரெண்டு வருஷம் நாலு மாசம் ஓடும்."

"நிறுத்தணும்னா?"

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவன் வந்து சொல்லணும்."

சத்தம் போடத்தான் வாயைத் திறந்தாள். ஜெசிந்தாவின் அழுகை நினைவுக்கு வந்தது. நிறுத்தச் சொல்லி இவள் ஜெயித்துவிட்டால் அங்கே மூன்று பேர் சும்மா நிற்க வேண்டும். அவன் எதற்காக இருந்தானோ அதை இவளே கெடுத்ததாக ஆகும். நிறுத்தாவிட்டாலோ, எறும்பை மிதிக்கவும் யோசிக்கிற பிள்ளை செத்த பிறகும் ஆளைக் கொன்றுகொண்டிருப்பான். எப்படிப் பார்த்தாலும் அவளிடம் செய்வதற்கு எதுவும் இல்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தாள்.

வீட்டில் அம்மா பதினாறாம் நாள் சடங்குக்காக வெண்கலப் பானையைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புஷ்பம் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். மறைக்க அவளுக்குத் தெம்பு இல்லை. அம்மா தேய்ப்பதை நிறுத்தாமலே கேட்டாள்.

"அப்ப அவன் அங்க பேசுதானா?"

"அவன் இல்லம்மா. குரல் மட்டும்."

"சம்மதம்னு சொல்லுதான்லா?"

"ஆமா."

அம்மா பானையைக் கவிழ்த்து வைத்தாள். புளிக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"பேசிக்கிட்டிருக்கிற பிள்ளைக்கு நான் எப்படிட்டீ கருமாதி வைப்பேன்?" என்றாள்.