வெஸ்லிக்குப் போட்ட இலை

அந்த வருஷம், 1975-இல், ஆடி அமாவாசையன்று சிட்னியில் விடிந்ததிலிருந்தே தூறல். ஊரில் ஆடி என்றால் காற்று. இங்கே ஆடி என்றால் எலும்புக்குள் இறங்கும் குளிர். பவளமும் கர்ட்டிஸும் ஹாரிஸ் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, ஒரே குடைக்குள் ஒடுங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். அடுத்த வீட்டு லெபனான்காரர் கொல்லையில் ஒரு வாழை மரம் உண்டு. அவரிடம் கேட்டு ஓர் இலை நறுக்கிக்கொண்டாள் பவளம்.

அந்த வாரக் கடைசியில் இருவரும் மெல்போர்னுக்குக் குடிபோகிறார்கள். அங்கே பதிவுத் திருமணம். சாமான்கள் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. பாக்கி ஒரே வேலைதான். பவளத்தின் முதல் புருஷன் வெஸ்லிக்குப் படையல் போட்டு, அவனை நல்லபடியாக அனுப்பிவைக்க வேண்டும்.

பவளம் மலேசியாவில் தைப்பிங்கில் பிறந்தவள். நர்ஸ் படிப்புக்காக வந்து சிட்னியிலேயே தங்கிவிட்டாள். வெஸ்லி அமெரிக்க விமானப் படைக்காரன். வியட்நாம் போரிலிருந்து லீவில் சிட்னிக்கு வந்தவன், இவளைப் பார்த்துத் தலைகால் புரியாமல் போய், அடுத்த லீவிலேயே மோதிரத்தோடு வந்து நின்றான். ஒருநாள் தன் கூட்டாளி கர்ட்டிஸையும் சாப்பாட்டுக்கு அழைத்து வந்தான். அவர்களுடையது இரண்டு பேர் ஏறும் போர் விமானம். முன்னால் உட்கார்ந்து ஓட்டுபவன் கர்ட்டிஸ், பின்னால் உட்கார்ந்து வழி சொல்பவன் வெஸ்லி.

வெஸ்லிக்குத் தெரிந்த தமிழ் நாலே வார்த்தை. சோறு, யாரு, தெரியாது, மோர்மிளகாய். கடைசி வார்த்தை வந்த கதை வேடிக்கையானது. பவளத்தின் அம்மா சேலை மடிப்பில் ஒளித்து அனுப்பிய மோர்மிளகாயை வறுத்து வைத்தபோது, ஏதோ நொறுக்குத் தீனி என்று நினைத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டான். ஆறடி ஆள், மூக்கும் கண்ணும் ஒழுகக் குழாயடிக்கு ஓடினான். கர்ட்டிஸ் சிரித்துச் சிரித்துக் நாற்காலியோடு சாய்ந்தான். மறுநாளே வெஸ்லி இன்னும் இரண்டு வேண்டுமென்று கேட்டான். தின்றுவிட்டுக் காம்புகளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்குவான்.

அந்தப் படையில் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொருவனும் ஓர் அட்டையில் தன்னைப் பற்றி ஒரு கேள்வியும் பதிலும் எழுதிக் கொடுத்திருப்பான். விமானம் விழுந்து, காட்டிலிருந்து ரேடியோவில் உதவி கேட்டால், அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். சரியான பதில் வந்தால்தான் ஹெலிகாப்டர் இறங்கும். இல்லாவிட்டால் எதிரியின் பொறி என்று திரும்பிவிடும். வெஸ்லி எழுதிய கேள்வி, ‘சிட்னியில் உன்னை அழவைத்தது எது?’ உலகத்தில் எந்த எதிரிக்கும் பதில் தெரியாது என்று அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு லீவில் வந்தால் வீட்டிலும் அதே விளையாட்டுதான். அவள் வேலை முடிந்து வந்து சாவியைத் திருப்பினால் கதவு திறக்காது. உள்ளே முதுகைக் கொடுத்துச் சாய்ந்துகொண்டு, “யாரு?” என்பான். “வெஸ்லி பொண்டாட்டி” என்று அவள் சொன்ன பிறகுதான் விலகுவான்.

லாவோஸ் காட்டின்மேல் அவர்கள் விமானம் சுடப்பட்டது. கர்ட்டிஸை ஹெலிகாப்டர் தூக்கி வந்தது. வெஸ்லியின் பாராசூட் விரியவே இல்லை, விமானத்தோடு போய்விட்டான் என்று கர்ட்டிஸ் சொன்னான். உடல் கிடைக்காததால் அரசாங்கம் ‘காணாமல் போனவர்’ என்றே எழுதி வைத்திருந்தது. பவளம் பொட்டை அழிப்பதா வைப்பதா என்று தெரியாமல் வருஷக்கணக்காகக் கிடந்தாள். போர் முடிந்து சிட்னிக்கே குடிவந்த கர்ட்டிஸ்தான் அவளை மெல்ல மெல்லச் சாப்பிடவும் தூங்கவும் வைத்தான். இறந்தவராக அறிவிப்பதில் ஆட்சேபம் உண்டா என்று போன மாதம் அமெரிக்காவிலிருந்து கேட்டார்கள். இல்லையென்று கையெழுத்துப் போட்டாள்.

படையல் யோசனை நாகலட்சுமி அன்ரியுடையது. யாழ்ப்பாணத்து மனுஷி, பவளத்தோடு அதே வார்டில் வேலை பார்ப்பவள்.

“படைச்சுப்போட்டுக் கதவைச் சாத்திவிடு பிள்ளை. அவர் வந்து சாப்பிடுற நேரம் ஒருத்தரும் உள்ளுக்கை நிக்கக்கூடாது. பிறகு தட்டிப்போட்டுத்தான் திறக்கோணும்.”

முன்னறை காலியாக இருந்தது. ஒரு முக்காலியும் வெஸ்லியின் படமும்தான். காலையில் கார்னேஷன் பூவில் கோத்த மாலையைப் படத்துக்குப் போட்டாள் பவளம். இத்தனை வருஷத்தில் அந்தப் படத்துக்கு மாலை விழுவது அதுதான் முதல் தடவை. சோறு, சாம்பார், அவனுக்குப் பிடித்த மோர்மிளகாய் நாலு. விளக்கை ஏற்றிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, வெறும் குமிழ்தான்.

நடையில் இருவரும் நின்றார்கள். மணி மூன்றுகூட ஆகவில்லை, ஆனால் மேகம் கவிந்து வீடு இருட்டிக் கிடந்தது. பாரமட்டா ரயில் ஒன்று கடந்து போனது. அதன் பிறகு மழைச் சத்தம் மட்டும்.

முதலில் வந்தது வாசனை.

மிளகாய் வறுபடும் நெடி. காலையிலேயே வறுத்து, ஜன்னலைத் திறந்துவிட்டதில் அந்த வாசனை போய்விட்டிருந்தது. இப்போது கதவிடுக்கு வழியாகப் புதிதாக வந்தது. கர்ட்டிஸ் இருமினான்.

பிறகு இலை சரசரத்தது.

“காற்று,” என்று கிசுகிசுத்தான் கர்ட்டிஸ். முன்னறை ஜன்னல் மூடியிருந்ததை இருவரும் அறிவார்கள்.

க்ளிக்.

ரேடியோ கரகரக்கும் ஓசை. எங்கோ தொலைதூரத்திலிருந்து, காற்றும் இரைச்சலுமாக. அந்த அறையில் ரேடியோ கிடையாது. இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல், களைத்துப் போன குரல், பொறுமையாகச் சொன்னது.

“மோர்மிளகாய்.”

குரல் நின்று, மறுபடி வந்தது. அதே வார்த்தை. யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, சரியா என்று காத்திருப்பதுபோல.

கர்ட்டிஸ் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டான். “பேட்டரி தீருகிறவரை இப்படித்தான் சொல்லிக்கொண்டே இருந்தான்,” என்றான், தனக்குத்தானே.

பவளம் திரும்பிப் பார்த்தாள். பாராசூட் விரியாதவனுக்கு ஏது பேட்டரி?

அவள் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவனே கொட்டிவிட்டான். வெஸ்லியின் பாராசூட் விரிந்தது. மலைக்கு அந்தப் பக்கம் உயிரோடு இறங்கினான். கர்ட்டிஸைத் தூக்கிய ஹெலிகாப்டரின் ரேடியோவிலேயே அவன் குரல் கேட்டது. கேள்வியைக் கேட்டார்கள், பதில் வந்தது. ஆனால் அட்டையை வாசித்தவனுக்கு அது எந்த மொழி என்றுகூடப் புரியவில்லை; இரைச்சலில் கேட்ட சொல்லும் அட்டையில் இங்கிலீஷ் எழுத்தில் இருந்த சொல்லும் ஒன்றுதானா என்று அவனால் சொல்ல முடியவில்லை. உன் ஆள்தானா, நம்பி இறங்கலாமா என்று கர்ட்டிஸைக் கேட்டார்கள். கீழே துப்பாக்கிகள் வெடித்துக்கொண்டிருந்தன.

“நீ என்ன சொன்னாய்?”

“தெரியாது என்றேன்.”

“என் வீட்டில் சாப்பிட்டவன் நீ.”

“எனக்குத் திரும்ப இறங்கப் பயமாக இருந்தது, பவளம்.”

பாவி, உன் கையால் நான் சாப்பிட்டேனே என்று நினைத்தாள் அவள். கர்ட்டிஸ் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து, குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போனான். வாசல் கதவு பின்னால் ஆடிக்கொண்டிருந்தது.

உள்ளே குரல் நின்றுவிட்டது.

பவளம் கதவைத் தட்டினாள். குமிழைத் திருப்பித் தள்ளினாள். யாரோ முதுகைக் கொடுத்து நிற்பதுபோல் கதவு எதிர்த்தது. பிறகு சட்டென்று விட்டுக்கொடுத்தது.

அறையில் யாரும் இல்லை. சோறு அள்ளப்படாமல் ஆறிக் கிடந்தது. படத்துக்குப் போட்ட மாலை தரையில் கிடந்தது, அறுபடாமல், யாரோ கழற்றி வைத்ததுபோல. மோர்மிளகாயைக் காணோம். இலை ஓரத்தில் நாலு காம்புகள் வரிசையாக இருந்தன.

அவள் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பயத்தில் அல்ல. அவன் ரேடியோவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த காட்டை நினைத்து அழுதாள். பிறகு கர்ட்டிஸின் மோதிரத்தைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். என் புருஷன் உயிரோடு இறங்கினான், என் கையெழுத்தைத் திருப்பித் தாருங்கள் என்று அமெரிக்காவுக்கு எழுதிப் போட்டாள். மெல்போர்ன் பயணம் போயே போய்விட்டது. பெட்டிகளைப் பிரித்து, தட்டுமுட்டுச் சாமானை எல்லாம் பழைய இடத்திலேயே வைத்தாள். அவன் இங்கேதான் வருகிறான் என்றால் அவளும் இங்கேதான் இருப்பாள்.

அடுத்த நாள் வேலை முடிந்து சாயங்காலம் வந்து, வாசலில் சாவியைத் திருப்பினாள். பூட்டு திறந்தது. கதவு அசையவில்லை.

மிளகாய் நெடி லேசாக வந்தது.

“யாரு?” என்றது உள்ளிருந்து.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக வாய்க்குள்ளேயே கிடந்த பதில்.

“வெஸ்லி பொண்டாட்டி.”

க்ளிக். கரகரப்பு. இப்போது விலகுவான், இப்போது விலகுவான் என்று கதவைப் பிடித்தபடி நின்றாள்.

“தெரியாது,” என்றது வெஸ்லியின் குரல்.