ஐந்து புள்ளி இரண்டு!

"வீ...ல்!"

அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண் போட்ட அலறலில் மெரிடியன் நகரத்து மோட்டலே வாசலுக்கு ஓடி வந்தது.

காலை பத்து மணி.

டிடெக்டிவ் ரொவீனா உள்ளே நுழைந்தபோது டி.வி.யில் கல்லூரி ஃபுட்பால் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர் தரையில் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்து... பக்கத்தில் ரத்தம் தோய்ந்த இஸ்திரிப்பெட்டி!

"யாருய்யா இவரு?"

"லைல் ஹட்டோ, மேடம்," என்றான் உதவியாளன் பூன். "ஸ்கவுட். கல்லூரிப் பசங்க ஆட்டத்தைப் பாத்து ஓட்டம், முட்டி, தைரியம், குடும்பம்னு எல்லாத்துக்கும் மார்க் போடுறவர். அதை வெச்சுத்தான் பெரிய டீமுங்க டிராஃப்ட்ல ஆள் எடுப்பாங்க."

"டிராஃப்ட் எப்ப?"

"இன்னும் பத்து நாள். நம்ம ஊர்ல ஆடுற பையன் கெண்ட்ரெலுக்கு இவர் போட்ட மார்க் நேத்து கசிஞ்சிருச்சு. 5.2! 'முட்டி போச்சு, பயந்தாங்கொள்ளி'ன்னு ரேடியோவுல வாசிச்சுக் கிழிச்சானுங்க."

"5.2ன்னா?"

"சீந்த ஆளில்லைன்னு அர்த்தம். 7-ஐத் தாண்டினாத்தான் முதல் ரவுண்டுலயே எடுப்பாங்க!"

மோட்டல் கேமராவில் ஒரு பழைய நீல வண்டி தெரிந்தது. மரம் ஏற்றிப் பிழைக்கும் ஆர்லிஸுடையது. கெண்ட்ரெலின் தாய்மாமன். தாயில்லாத பையனைத் தோளில் போட்டு வளர்த்தவன்.

மதியத்துக்குள் ஸ்டேஷனில் இருந்தான்.

மறுக்கவில்லை.

"நாந்தான் மேடம்."

"ஏன் ஆர்லிஸ்?"

"நேத்துலேர்ந்து எம் பையன் பேசவே இல்ல. எங்கக்கா செத்தப்பகூட அப்படி உக்காரல. காலையில கெஞ்சத்தான் போனேன். 'மாத்தி எழுதுங்க சார்'னேன். அந்த ஆளு சிரிச்சான்! 'பத்து நாள் பொறு, இதுக்கு மேல சொல்லக் கூடாது'ன்னுட்டு டி.வி. பக்கம் திரும்பிட்டான். இஸ்திரிப்பெட்டி கைக்கு எட்டுச்சு..."

மேஜை மேல், பிளாஸ்டிக் உறைக்குள், ஹட்டோவின் செல்போன் அலறியது!

ரொவீனா ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"லைல்! எங்கய்யா தொலைஞ்ச?" ஹட்டோவை அனுப்பிய டீமின் மேனேஜர்.

"செத்துட்டாரு. போலீஸ் பேசறேன்."

மேனேஜரின் குரல் சட்டென்று தாழ்ந்தது.

"லேப்டாப்பை யாரும் திறக்கலையே?"

"ஏன் கேக்கறீங்க?"

"கெண்ட்ரெலோட நிஜ ரிப்போர்ட் அதுல இருக்கு. 7.3! இருபத்தாறு வருஷத்துல லைல் யாருக்கும் போடாத மார்க் மேடம். முதல் ரவுண்டுல எங்க முறை கடைசியிலதான் வருது. அதுவரைக்கும் பையன் எங்களுக்கு மிஞ்சணுமே! அதான் 5.2ன்னு நாங்களே கசிய விட்டோம். லைல் கூடாதுன்னு குதிச்சான்... வாயை மூடிக்கச் சொல்லிட்டேன்."

ரொவீனா நிமிர்ந்து பார்த்தாள்.

ஆர்லிஸ் தன் இரண்டு கைகளையும் வெறித்துக்கொண்டிருந்தான்.

"கேலி பண்ணல... எம் பையனுக்காகச் சந்தோஷப்பட்டுச் சிரிச்சிருக்கான்..."

தலை மேஜையில் மோதியது. மறுபடி மோதியது. பூன் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டான்.

"கொன்னது யாரு?" என்றது போன்.

"பையனோட தாய்மாமன்."

"அடடா! ரிப்போர்ட்ல குடும்பத்துக்குன்னு ஒரு கட்டம் இருக்கே மேடம்... அதுல மார்க்கைக் குறைச்சாகணும்."

ரொவீனா போனை வாயருகே கொண்டு போனாள்.

"பொய்க்குன்னு ஒரு கட்டம் இருந்தா சொல்லுங்க சார்... முதல் ரவுண்டுலயே உங்களை நான் எடுத்துக்கறேன்!"