சொந்த மாமாவா, சும்மா மாமாவா?

"அவ என் தங்கச்சி. அவளுக்கு என் ரத்தம்தான் போகணும்!"

ரத்த வங்கியின் முன்னறையில் அந்தக் குரல் அதிர்ந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த கடுகு நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் உண்டு. ஆனால் அவள் உயரத்தைப் பார்த்து வீட்டில் வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது.

மாடியில் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. அப்பா அந்த அறையின் வாசலில் நின்றார். கடுகை இங்கே உட்காரவைத்து, ரத்த வங்கியில் வேலை பார்க்கும் கண்ணாடி போட்ட அக்காவிடம், "கொஞ்சம் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

குரலுக்கு உரியவர் நல்ல உயரம். சட்டையில் மடிப்புக் கலையவில்லை. முதுகு அளவுகோல் போல நேராக இருந்தது. மூக்கு மட்டும் அப்படியே அம்மாவின் மூக்கு.

பெரிய மாமா!

கடுகு அவரைப் புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறாள். அம்மா தன் விருப்பப்படி அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டபோது, "குடும்ப மானத்தைக் கெடுத்துட்டே. இனிமே உனக்கும் எனக்கும் ரத்த சொந்தமே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனவர். பிறகு வரவே இல்லை. இதை அம்மா ஒரே ஒரு முறைதான் சொன்னாள். சொன்ன அன்று முழுவதும் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

அக்கா பொறுமையாகப் பேசினார். "ஐயா, கூடப் பொறந்தவங்க ரத்தத்தை நாங்க ஏத்த மாட்டோம்."

"ஏன், என் ரத்தத்துக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சல் இல்லீங்க. ஒத்துமைதான் தொந்தரவு. உங்க ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுக்களை அவங்க உடம்பு, 'அட, நம்ம ஆளு'ன்னு நெனச்சு உள்ள விட்டுடும். உள்ள போனதும் அதுங்க வீட்டுக்காரங்களையே அடிக்க ஆரம்பிச்சுடும். எப்பவோ ஒருத்தருக்குத்தான் அப்படி ஆகும். ஆனா ஆயிட்டா காப்பாத்துறது கஷ்டம். அதைத் தடுக்கிற மெஷின் இங்க இல்ல."

"அப்ப என் தங்கச்சிக்கு?"

"பொருத்தம் பாத்து, வேற ஒருத்தர் குடுத்த ரத்தம் எடுத்து வெச்சிருக்கோம். நீங்களும் குடுங்க. அது வேற யாருக்காவது போகும்."

"யாரோ ஒருத்தன் ரத்தம் என் தங்கச்சிக்கு, என் ரத்தம் யாரோ ஒருத்தனுக்கு! நல்லா இருக்கும்மா நியாயம்!"

அவர் திரும்பி வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருப்பது யார் என்று அவருக்குத் தெரியாது. நேரான முதுகு கொஞ்சம் கொஞ்சமாக வளைந்தது.

"அவளுக்கு வேற என்னத்தக் குடுப்பேன் நான்..." என்று தனக்குள் முணுமுணுத்தார்.



சற்று நேரத்தில் அக்கா சாப்பிடப் போனார். அவர் இடத்தில் ஓர் இளைஞர் வந்து உட்கார்ந்தார். உடனே மாமா எழுந்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மாடியில ஆபரேஷன் நடக்குதே, அந்த அம்மாவுக்கு ரத்தம் குடுக்க வந்தேன். நாளைக்கும் ஒரு பை வேணும்னாங்களாம். என்னோடதை அவங்களுக்குன்னே எடுத்து வைங்க."

"சரிங்க. ரத்த சொந்தமா?"

 மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இல்ல. ரத்த சொந்தமே இல்ல."

அன்று சொன்ன அதே சொற்கள். அன்று கோபத்தில் வந்தன. இன்று வரும்போது குரல் நடுங்கியது.

"மாமா!" என்றாள் கடுகு.

இளைஞர் எட்டிப் பார்த்தார். "மாமாவா?"

"சின்னப் புள்ளைங்க எல்லாரையும் மாமான்னுதானே கூப்பிடும்" என்றார் மாமா அவசரமாக.

"அதுவும் சரிதான். நேத்து ஒரு பாப்பா என்னையே மாமான்னுது. எனக்கு இன்னும் மீசையே ஒழுங்கா வரல!" இளைஞர் சிரித்தார். "நீ சொல்லு பாப்பா. இவர் சொந்த மாமாவா, சும்மா மாமாவா?"

'பொய் சொல்றார்' என்று சொல்லிவிடலாம். அறையில் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் மாமாவின் தலை குனியும். சொல்லாமல் விட்டால் அம்மாவுக்கு ஆபத்து.

கடுகு எழுந்து போய் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொந்த மாமா. எங்க அம்மாவோட அண்ணன். பயத்துல மறந்துட்டாரு. எனக்கும் பரீட்சையில பயம் வந்தா தெரிஞ்சதெல்லாம் மறந்துடும்."

மாமா குனிந்து அந்தச் சின்னக் கையைப் பார்த்தார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஆமா" என்றார் மெதுவாக. "மறந்துதான் போச்சு. அவ என் தங்கச்சி. என் ரத்தத்தை யாருக்கு வேணுமோ அவங்களுக்குக் குடுங்க தம்பி."

ரத்தம் கொடுத்தபின் அவருக்குப் பழச்சாறு கொடுத்தார்கள்.

"நான் என்ன சின்னப் புள்ளையா?"

"குடிச்சாதான் எழுந்திருக்க விடுவாங்க, மாமா."

குடித்தார். "உன் பேரு என்ன?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, இதுகூடத் தெரியாமல் இருந்துவிட்டோமே என்று நினைத்தாரோ என்னவோ, கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"கடுகு. அம்மா வெச்ச பேரு."

மாமா காலி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "சின்ன வயசுல உங்கம்மாவை நான் மிளகுன்னு கூப்பிடுவேன்" என்றார் கடைசியில்.

சாயங்காலம் அம்மா கண் விழித்தாள். குரல் எழவில்லை; காற்றுதான் வந்தது. "யார் கூடடா இருந்தே இவ்வளவு நேரம்?"

"மாமா கூட."

"எந்த மாமா?"

"சொந்த மாமா."

கதவுக்கு வெளியே யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். அம்மா கதவையே பார்த்தாள். கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போனது.

"நின்னா அவருக்குக் கால் வலிக்கும். உள்ள வரச் சொல்லு."

மாமா வந்து நின்றார். ஏதோ நிறையச் சொல்ல வந்தவர் போல வாயைத் திறந்தார். "மிளகு" என்று மட்டும்தான் வந்தது.

அந்த அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. கடுகு அதை இழுத்து, அம்மாவின் கட்டிலை ஒட்டினாற்போல் போட்டாள்.