இறுப்பிட்டி வீட்டின் பின்குழி

இறுப்பிட்டியில் தம்பிராசா ஐயாவின் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பது மணி இருக்கும். 2003ஆம் ஆண்டு ஆடி மாதம். காற்று மண்ணை அள்ளி வாய்க்குள் போட்டது. வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகும் கடல் ரோட்டில் எங்கள் லாண்ட்மாஸ்ரர் உழவு மெசின் குலுங்கிய குலுக்கலில், பின்னால் பூட்டிய பெட்டியிலிருந்த நான்கு தகரப் பரலும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன. நான் நடுவே குந்தி, குழி இறைக்கிற மெசினைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். என் மனுசன் அருளப்பு முன்னால் ஓட்டினார். எங்கள் கம்பனியில் மொத்த ஆட்களும் அவ்வளவுதான்.

கம்பனி என்று நான்தான் சொல்வேன். அவர் சிரிப்பார். சுருவிலில் பிறந்த கடல்காரன் கக்கூசுக் குழி அள்ள வெளிக்கிட்டால் ஊர் என்ன சொல்லும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என் தமையன்மார் இரண்டு பேரும் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதையே விட்டார்கள். கடலுக்குப் போக நேவி பாஸ், போன இடத்தில் எல்லை, பொழுதுபட முதல் கரை என்று வருடக்கணக்காக இருந்தால் மனுசர் எதைத் தின்கிறது என்று கேட்டேன். சமாதானம் வந்து, ஓடிப்போன சனம் திரும்பி, பத்து வருடம் பூட்டிக் கிடந்த கக்கூசுகளைத் திறந்தபோது அள்ள ஆளில்லாமல் நின்றது. அந்தத் தொழிலைக் கண்டுபிடித்தது நான்தான். வள்ளத்தை விற்க வைத்ததும் நான்தான்.

அதனால் இந்த வேலை எங்களுக்குச் சும்மா வேலை இல்லை. மடத்துவெளியில் புதிதாகக் கட்டிய நாற்பது வீடுகளின் குழிகளையும் வடிகாலையும் பராமரிக்க ஆள் எடுக்கும் கமிற்றிக்குத் தம்பிராசா ஐயாதான் தலைவர். அது கிடைத்தால் எங்களுக்கு வருடம் முழுக்கச் சோறு. கிடைக்காவிட்டால் விற்ற வள்ளத்தை நினைத்து அழவேண்டியதுதான்.

அறுபது வயது மனிதர். கந்தோர் வேலையில் இருந்து இளைப்பாறியவர், வெள்ளை வேட்டி, அடங்கிய பேச்சு. எங்களுக்குத் தேத்தண்ணியை ஜாம்போத்தலில் ஊற்றி மதிலில் வைத்தார். உள்ளே அலுமாரியில் கண்ணாடிக் கிளாசுகள் அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் குடித்தேன்.

அவர் தனி ஆள். மீன், இறைச்சி தொடாத மனைவி இராசேஸ்வரி தொண்ணூற்றெட்டில் வன்னியில் இருந்த தமையனிடம் போனவ என்றும், பிறகு திரும்பவில்லை என்றும் ஊர் சொன்னது. அப்போது பாதை பூட்டு. போய்ச் சேர்ந்தாவா என்று யாரும் விசாரிக்க முடியாத காலம். பாதை திறந்த பிறகும் யாரும் விசாரிக்கவில்லை.

குசினிக்குப் பின்னால் இரண்டு குழிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, நடுவில் ஒரு குழாய்த் தொடுப்பு. சில நாட்களாகக் குசினித் தண்ணீர் போகாமல் மேலே வருகிறது, வீடு நாறுகிறது என்றார். முன்குழியை மட்டும் இறைக்க வேண்டும், பின்குழி பாவனையில் இல்லை, அதில் கை வைக்கக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். சொல்லிவிட்டுக் கதிரையைக் கொண்டுவந்து எங்களுக்கு எதிரேயே போட்டு இருந்தார்.

எட்டுப் பரல் இறைத்து, தூரத்துப் பனங்காணியில் வெட்டிய கிடங்கில் கொண்டுபோய்க் கொட்டினோம். முன்குழி ஒரு சாண்கூட இறங்கவில்லை. இறைக்க இறைக்கப் பின்குழியிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

பதினொரு மணிபோல் கமிற்றி ஆள் ஒருவன் சைக்கிளில் வந்து ஐயாவைக் கையெழுத்துக்கு அவசரமாகக் கூட்டிக்கொண்டு போனான். அவர் படலை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். அவர் மறைந்ததும் அருளப்பு மூடி கிளப்புகிற இரும்பு அலவாங்கை எடுத்தார். தொழிலில் அவருக்கு ஒரு ரோசம். அரைகுறையாக விட்டுவிட்டு வரமாட்டார்.

பின்குழியின் கொங்கிறீற் மூடியைச் சுற்றி மூன்று விரல் தடிப்பில் சீமெந்து பூசியிருந்தது. உடைத்துக் கிளப்ப அரை மணித்தியாலம் எடுத்தது. எந்தக் குழியையும் திறந்தவுடன் முகத்தில் அடிக்கிற நாற்றம் ஒன்று உண்டு. அது வரவில்லை. முழுகிவிட்டு நல்லெண்ணெய் வைத்த தலையின் மணம் வந்தது.

ஹோஸை இறக்கி மெசினை இழுத்தார். இரண்டு நிமிடம் ஓடியது. பிறகு மெசின் திணறி நின்றுவிட்டது.

ஹோஸின் வாயில் மயிர் அடைத்திருந்தது.

இழுத்தார். வந்தது. இன்னும் இழுத்தார். இரண்டு கையையும் விரித்த ஒரு பாகம் நீளத்துக்கு வந்தது, பின்னல் குலையாமல், எண்ணெய் மினுமினுத்தபடி. அதன் முனையில் மண்டை ஓடு. இடது பக்கம் நெற்றியிலிருந்து காது வரைக்கும் பிளந்து கிடந்தது. கோடாரி விழுந்த வெட்டு என்று விறகு கொத்தத் தெரிந்த எவருக்கும் விளங்கும்.

இராசேஸ்வரி வன்னிக்குப் போகவில்லை.

அருளப்பு சிலுவை போட்டார். சேட்டைக் கழற்றி நிலத்தில் விரித்து, மண்டையோட்டை இரண்டு கையாலும் அதில் வைத்தார். எங்கள் ஆட்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வலையில் பிரேதம் பட்டால் திரும்பக் கடலில் விடக்கூடாது. பட்ட மீனைக் கொட்டிவிட்டு என்றாலும், கரையில் எத்தனை விசாரணை, எத்தனை அலைச்சல் வந்தாலும், கொண்டுவந்து செபம் சொல்லி அடக்க வேண்டும். அந்தக் கெட்ட வருடங்களில் அவர் மூன்று பிரேதம் கொண்டுவந்தவர். ஒன்றுக்கும் அவருக்குப் பெயர் தெரியாது.

ஐயா பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. அவர் கத்தவில்லை. சேட்டில் கிடந்ததைப் பார்த்தார், பிறகு கதிரையில் மெதுவாக இருந்தார்.

"அருளப்பு, நாற்பது வீட்டுக்கும் உம்மடை பேரைத்தான் எழுதிப்போட்டு வந்தனான்," என்றார். "அதைத் திரும்பப் போட்டு மூடிப்போட்டுப் போம்."

என் மனுசன் மாட்டேன் என்று தலையாட்டினார். என்னைப் பார்த்தார். பொலிசுக்குப் போக வேண்டும் என்று அந்தப் பார்வை சொன்னது. போனால் நடக்கப்போவது எனக்குத் தெரியும். வழக்கு, கோடு, கச்சேரி, இரண்டு வருட அலைச்சல், மெசின் சாட்சிப் பொருள். எங்கள் கம்பனி அன்றோடு சரி. தமையன்மாரின் சிரிப்பு என் காதில் கேட்டது.

"இது கடலே?" என்று நான்தான் கேட்டேன். "குழி தானே. போட்டு மூடுங்கோ."

இருபது வருடக் கலியாணத்தில் என் பேச்சை அவர் தட்டியதில்லை. சேட்டோடு தூக்கிக் கொண்டுபோய்க் குழிக்குள் விட்டார். ஓடு உடனே அமிழ்ந்தது. பின்னல் மட்டும் மேலே கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்க, அடியில் இருந்து யாரோ கைமாற்றிக் கைமாற்றி இழுப்பதுபோல, விட்டு விட்டு உள்ளே போனது.

மூடிவிட்டு வந்தோம்.

அடுத்த கிழமை மடத்துவெளி வேலை தொடங்கியது. புது வீடுகள், இன்னும் யாரும் குடியேறவில்லை. குழாய்களுக்குத் தண்ணீர் விட்டு ஓட்டம் பார்ப்பதுதான் முதல் வேலை. ஒருநாளும் பாவிக்காத, சீமெந்து வெள்ளைகூடப் போகாத குழி. திறந்தோம்.

நல்லெண்ணெய் மணம்.

அடுத்த வீட்டுக் குழியிலும் அதே மணம். ஐந்தாவது வீட்டில், விட்ட தண்ணீரைத் திரும்ப இறைக்கையில் ஹோஸ் அடைத்தது. அருளப்பு குனிந்து இழுத்தார். ஹோஸ் தன்பாட்டில் துள்ளிக் கிளம்பி, அதன் இரும்பு வாய் அவர் முகத்தில் அடித்தது. இரண்டு பல் போய்விட்டது. உதடு கிழிந்து தொங்கியது. விழுந்தவரை அது விடவில்லை. முதுகில், விலாவில், தலையில் என்று மாட்டுக்கு அடிக்கிற மாதிரி அடித்தது. நான் ஓடிப்போய் மெசினை நிற்பாட்டப் பார்த்தேன்.

மெசின் அப்போது ஓடவேயில்லை.

அன்று கிழிந்த உதட்டோடு அவர் ஒன்றே ஒன்று சொன்னார். அவவை எடுத்து அடக்காமல் தான் இனி ஒரு குழியும் தொடமாட்டேன் என்றார். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. தொழிலை நினைத்து அல்ல, இந்த மனுசனை நினைத்து. ஓம் என்றேன். நாங்கள் போவதற்கு முதலே தம்பிராசா ஐயா ஆள் அனுப்பியிருந்தார். உடனே வரட்டாம்.

நண்பகல் வெயிலில் போய் இறங்கினோம். வீட்டு நிலமெல்லாம் ஈரம். குசினி வடிகாலில் இருந்து ஒற்றைப் பின்னல் ஒன்று வெளியே வந்து, விறாந்தை கடந்து, ஐயாவின் படுக்கை அறை வாசல் வரைக்கும் நீண்டு கிடந்தது. அவர் கதிரை மேல் ஏறி நின்றார். கையில் கோடாரி. கணுக்காலைச் சுற்றித் தோல் உரிந்து சதை தெரிந்தது.

"அதை எடு. எடுத்துக் கடலிலை கொண்டுபோய்ப் போடு," என்றார். அடங்கிய பேச்சு எங்கேயோ போய்விட்டது.

"கடலிலை போடமாட்டன் ஐயா. பிரேதத்தைப் பிரேதமா அடக்குவன். நடந்ததையும் சொல்லுவன்."

சொல்லிவிட்டு அருளப்பு பின்பக்கம் போனார். விஷக் காற்று மயக்கிவிடும் என்று குழிக்குள் குனிவதற்கு முதல் எப்போதும் இடுப்பில் கயிறு கட்டி, மற்றத் தலைப்பை லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் முடிவார். அன்றும் முடிந்தார். மூடியைக் கிளப்பி, முழங்காலில் நின்று, இரண்டு கையையும் உள்ளே விட்டார். தாயே, பிழை விட்டிட்டம் என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

அவருக்குப் பின்னால் கோடாரி உயர்ந்தது.

என் கையில் அலவாங்கு இருந்தது. எறிந்தேன். தோளில் பட்டது. ஐயாவின் வெட்டுக் குறி தப்பிக் கொங்கிறீற்றில் விழுந்து பொறி பறந்தது. அவர் திரும்ப ஓங்கினார். அதற்குள் குழிக்குள் இருந்து பின்னல் வந்து அவர் காலைச் சுற்றிவிட்டது.

ஒரே இழுவை. அவருடைய நாடி எலும்பு குழியின் விளிம்பில் அடித்து உடைந்த சத்தம் இப்போதும் என் காதில் நிற்கிறது. இடுப்பு வரைக்கும் உள்ளே போனார். பல்லும் இரத்தமுமாக வாய் திறந்திருந்தது. எட்டி என் மனுசனின் கழுத்தைக் கட்டிப்பிடித்தார். கெட்டவன் சாகும்போதும் தனியாகச் சாகமாட்டான். இரண்டு பேரும் உள்ளே போனார்கள்.

மேலே கறுப்புத் தண்ணீர் மூடியது. ஒரு குமிழி. பிறகு ஒன்றுமில்லை.

நான் கயிற்றை இழுத்தேன். அசையவில்லை. ஓடிப்போய் லாண்ட்மாஸ்ரரின் கைப்பிடியைச் சுற்றி இயக்கினேன். மூன்றாவது சுற்றில்தான் பிடித்தது. கியரைப் போட்டு முன்னால் தள்ளினேன். சில்லு மண்ணைக் கிளறியது, கயிறு முறுகி அழுதது. மாதாவே, தொழில் வேண்டாம், வீடு வேண்டாம், அவரைத் தா என்று கத்திக்கொண்டே தள்ளினேன். ஐந்து நிமிடமாவது இருக்கும். அதற்குள் எந்த மனுசனும் செத்துப்போவான்.

கயிறு இளகியது. அருளப்பு வெளியே வந்து விழுந்தார்.

மூச்சு இருந்தது. நான் அந்த அழுக்கு வாயைக் கொஞ்சினேன். அப்படி ஒரு சந்தோசம் என் வாழ்க்கையில் எனக்கு இருந்ததில்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் இரண்டு குழியையும் அடி மட்டம் இறைத்தார்கள். ஐயா கிடைத்தார். சீலையைப் பிழிந்ததுபோல உடம்பு முழுக்க முறுக்கியிருந்தது. நான் நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். ஆனால் இராசேஸ்வரியின் ஒரு எலும்பு, ஒரு பல், ஒரு மயிர் அதற்குள் கிடைக்கவில்லை. எனக்கு மூளை பிசகிவிட்டது என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்த அருளப்பு பத்து நாள் பேசவில்லை. மீனில்லாமல் ஒரு பிடி சோறு இறங்காத மனுசன், மீன் மணம் பட்டால் கோப்பையைத் தள்ளிவைத்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நேரே நடந்துபோய்ப் பெண்கள் பக்கத்தில் நின்றார். சனம் சிரித்தது. நான் அவரை வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் காலை அவர் எங்கள் குசினிக்குப் பின்னால் கிடங்கு வெட்டத் தொடங்கினார்.

எங்களுக்குக் கக்கூஸ் இருக்கிறது, குழியும் இருக்கிறது. எதற்கு என்று கேட்டேன். அவர் வெட்டிக்கொண்டே இருந்தார். மாலையில் கிடங்குக்குள் இருந்து கூப்பிட்டார். பத்து நாளுக்குப் பிறகு வந்த முதல் பேச்சு.

"சுகந்தி, ஒருக்கா வந்து படுத்துப் பார், நீளம் காணுமோ எண்டு."

அவருடைய குரல்தான். கோபமில்லாமல், சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

கேள்விப்பட்டுத் தமையன்மார் ஓடி வந்தார்கள். இப்போதே வெளிக்கிடு, இவரை விட்டுவிட்டு வா என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். நான் போகவில்லை. அந்த உடம்புக்குள்ளே எங்கேயோ அருளப்பு கிடக்கிறார். ஒரு மனுசியைக் குழியில் விட்டு மூடச் சொன்ன வாய் இது. இரண்டாம் தரம் அதைச் சொல்ல எனக்கு ஏலாது.

நேற்று அவர் கை கழுவ வந்தபோது அதை அவரிடமே சொன்னேன். என்ன நடந்தாலும் உங்களை விட்டிட்டுப் போகமாட்டன் என்றேன். அவர் கையைத் துடைத்தார். சரி என்று தலையாட்டினார். பிறகு அலவாங்கை எடுத்துக்கொண்டு திரும்பவும் பின்பக்கம் போனார்.

இன்று காலை எட்டிப் பார்த்தேன். கிடங்கை அகலமாக்கியிருக்கிறார். இப்போது அது இரண்டு பேருக்குக் காணும்.