ஐம்பதாயிரத்துக்குள் ஒரு உயிர்

செல்போன் அலறியது!

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தைப் பட்டுவாடா செய்யும் அபிஷாவின் கடை. முந்தின நாளிலிருந்து கணவன் பிரவின்ராஜைக் காணவில்லை. உட்காருவதும் எழுவதுமாகத் தவித்துக்கொண்டிருந்தவள், பாய்ந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏட்டி... ஒம் புருசன் எங்க கையில இருக்கான். மூணு லட்சம் வேணும்!"

"ஐயோ... அவுகள ஒண்ணும் செஞ்சிராதீங்க!"

"துபாய்ல இருக்க ஒந் தம்பிய அனுப்பச் சொல்லு. ராஜபாளையம் கடையில நாங்க எடுத்துக்கிடுதோம். ஒரே ஆளுக்கு அனுப்பிராத. ஐம்பதாயிரம் வரைக்கும்தான் ரொக்கமாத் தருவானுவ. ஆறு பேருக்குப் பிரிச்சு அனுப்பு."

"யா... யார் பேருக்கு?"

"எழுதிக்கோ. மொதப் பேரு, இசக்கிராஜா. ஆதார்ல உள்ளபடி இனிஷியலோட இருக்கணும். பிசகுச்சுன்னா... பொணந்தான்!"

ஆறு பெயர்களையும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

புகாரை விசாரிக்க வந்து, பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் கைலாசம் சிரித்தே விட்டார்.

"ஏம்மா... ரிசர்வ் பேங்க் விதிப்படி ஆள் கடத்துத மொதக் கும்பல் இதுதான்! ஒம் வீட்டுக்காரருக்குப் பணமுடை உண்டா?"

அபிஷாவின் முகம் வெளிறியது.

"நாங்க பெரிய கம்பெனிக்குக் கீழ ஏஜெண்ட் சார். சொந்தமா லைசென்ஸ் எடுக்கணும்னு அவுகளுக்கு வெறி. அதுக்குக் கைமுதல் காட்டணுமாம். தம்பிட்ட கேளுன்னாவ... மாட்டேன்னுட்டேன்."

"அப்புறமென்ன? கடத்துனவரும் அவரு, கடத்தப்பட்டவரும் அவரு! இந்த விதியெல்லாம் வேற எவனுக்குத் தெரியும்?"

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் பயமும் விட்டபாடில்லை.

"பொய்யின்னா நானே அவுகள வெட்டுதேன் சார். நெசமா இருந்துச்சுன்னா...? பணத்த அனுப்பிருவோம்!"

மறுநாள் ராஜபாளையம். பணம் வாங்க வருகிறவன் போல, மப்டியில் கவுண்டர் அருகே உட்கார்ந்திருந்தார் கைலாசம். பிரவின்ராஜ் வருவான் என்று வாசலையே பார்த்தார்.

வந்தது பிரவின்ராஜ் இல்லை...

ஆறு முரடர்கள்! ஆளுக்கொரு ஆதார் அட்டை, கையில் ஜெராக்ஸ். சமர்த்தாக வரிசையில் நின்றார்கள்!

ஒரே அமுக்கு.

பிடிபட்டவர்களே வழிகாட்ட, சிவகிரியில் ஒரு தோப்பு வீடு. உள்ளே கட்டிப்போட்டிருந்த பிரவின்ராஜின் உதடு கிழிந்திருந்தது. கயிற்றை அவிழ்த்த அபிஷா கதறினாள்.

"உங்களப் போயி சந்தேகப்பட்டேனே!"

"அழாதட்டி. பணத்தப் பையில வாங்குனா போலீஸ் பிடிச்சிரும்னு பயந்தானுவ. எங்க தொழில் வழியா வாங்குனாத் துப்பே கெடைக்காதுன்னு நான்தான் சொன்னேன். பேரு சரியா இருக்கணும், ஆள் நேர்ல வரணும், ஒரிஜினல் கார்டு வேணும்... ஒண்ணொண்ணாச் சொல்லிக் குடுத்தேன்!"

கைலாசம் முதன்முறையாக அவனுக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

விலங்கோடு நின்ற இசக்கிராஜா குமுறினான்.

"விதிப்படி பிரிச்சு வாங்குனா மாட்ட மாட்டோம்னானே சார்!"

கைலாசம் ஜீப் கதவைத் திறந்தார்.

"ஏறுலே! மூணு லட்சத்தத்தான் ஆறாப் பிரிக்கலாம்... ஜெயில் தண்டன ஆளுக்கு முழுசா உண்டு!"